மறு: பழைய பிக்கப்பின் முன் சஸ்பென்ஷனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பழைய பிக்கப் மீட்டெடுப்பு பற்றிக் கையேடு எழுதும் நண்பர், தமிழ்ச்சொல் வேண்டிய பாகங்களின் பட்டியலே அனுப்பியிருக்கிறார். ஸ்டியரிங், பிரேக் சொற்களுக்கு மற்றவர்கள் தந்தவையே போதும். எனக்கு வழக்கு சஸ்பென்ஷனோடுதான், அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்போடு. குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘தொங்கல் அமைப்பு’ என்றே இருக்கட்டும். பழகிய சொல்.

பழகியதுதான். ஆனால் வண்டியில் எது தொங்குகிறது? ஐரோப்பாவில் குதிரைக் கோச்சுகளின் பெட்டியைத் தோல்வாரில் கட்டித் தொங்கவிட்ட காலத்தில் அந்தப் பெயர் பொருந்தியது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நீள்வட்ட வில் வந்ததும் பெட்டி வில்லின்மேல் உட்கார்ந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. அந்த மிச்சத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நம் ஆட்கள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள்: அடியில் வில் வைத்த மாட்டுவண்டி வில்வண்டி, வைக்காதது கட்டைவண்டி.

இங்கே கம்பம், போடிப் பக்கத்துப் பட்டறைகளில், எஃகுத் தகடுகளை அடுக்கிய அதே வில்லைப் பட்டை என்பார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகிற பழைய ஜீப்புகளுக்கு முன்னும் பின்னும் பட்டைதான். “மெயின் பட்டை விட்டுப்போச்சுண்ணே” என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. ஆகவே ‘இலைவில்’ என்று இன்னொன்றைச் செய்யாமல் பட்டைவில் என்றே எழுதலாம். சுருள்வில், முறுக்குவில் இரண்டும் அதே வரிசையில் வந்துவிடும்.

முழு அமைப்புக்கு ‘தாங்கல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். வில்லோடு சேர்த்தால் விற்றாங்கல் ஆகிறது. யார் யாருக்கு விற்றார்கள் என்று கேட்பார்கள். என் பரிந்துரை வில்லணை. தலையணை, பஞ்சணையில் வரும் அதே அணை. முன்வில்லணை, பின்வில்லணை, தனிவில்லணை (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குவது) என்று ஒட்டிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

சரி, சொல் நிற்குமா என்று கையேட்டின் கடினமான பகுதியிலேயே வைத்துப் பார்ப்போம். அவர் எடுத்துக்கொண்ட வண்டி 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே 3100. அதன் முன்வில்லணை நம் ஜீப்பின் அண்ணன் தம்பி: இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இருசு, அதன்மேல் இரண்டு பட்டைவில், முனைகளில் சக்கரம் திரும்புவதற்கான கிங் பின் என்ற முளை. அமெரிக்காவில் இதை மீட்டெடுப்பவர்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. உள்ளதையே கழற்றி, கிங் பின்னும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு, பட்டைகளைச் சீராக்கி மாட்டுவது ஒன்று. அடிச்சட்டகத்தை (சேசிஸை) வைத்துக்கொண்டு முன்பகுதியில் மட்டும் ஃபோர்டு மஸ்டாங் 2 கார் வகைக் குறுக்குச்சட்டத்தைப் பற்றவைத்துத் தனிவில்லணை ஆக்குவது இன்னொன்று. அடிச்சட்டகத்தையே தள்ளிவிட்டு, ஷெவர்லேயின் பிற்கால எஸ்-10 பிக்கப்பின் சட்டகத்தின்மேல் பழைய கேபினை உட்கார வைப்பது மூன்றாவது. 3100இன் முன், பின் சக்கரங்களுக்கு இடைநீளம் 116 அங்குலம், சரக்குப்பெட்டி நீளமான எஸ்-10க்கு ஏறக்குறைய 118. அதனால்தான் அந்தச் சட்டகத்தின்மேல் எல்லாருக்கும் ஆசை. ஆனால் கேபின் தாங்கிகளை எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும்.

இந்த மூன்றில் எதைச் செய்கிறோம் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். கையேட்டின் இப்போதைய வரைவில் இரண்டாவதும் மூன்றாவதும் ‘சட்டக மாற்றம்’ என்றே இருக்கின்றன. படிக்கிறவர் வெட்டக் கூடாததை வெட்டிவிடுவார். இரண்டாவதை ‘முன்வில்லணை மாற்றம்’ என்றும், மூன்றாவதை மட்டும் ‘சட்டக மாற்றம்’ என்றும் பிரித்துவிடுங்கள்.

சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கவை வடிவக் கரமான விஷ்போனுக்குக் கவைக்கரம் நல்ல சொல், ஆனால் கண்ட இடத்தில் போடக்கூடாது. 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் 2 காரில் மேல்கரம்தான் கவை. கீழே இருந்தது ஒற்றைக் கரம், அது முன்பின் அசையாமல் பிடிக்கத் தனியே ஒரு தண்டு. பிக்கப்புக்கென்று இப்போது விற்கும் தொகுப்புகள் பலவற்றில்தான் கீழேயும் கவை. எனவே கார் பாகத்தைப் பேசும்போது கீழ்க்கரம், தொகுப்பைப் பேசும்போது இரட்டைக் கவைக்கரம்.

பழைய சட்டகம் சி-சேனல். ஒரு பக்கம் வாய் திறந்தது. பட்டைவில் சுமையை இரண்டு முனையிலும் பிரித்துக் கொடுக்கும். சுருள்வில் வந்தால் மொத்தமும் ஒரே இடத்தில் இறங்கும். அந்த இடத்தில் தகடு வைத்து வாயை மூடிப் பற்றவைக்க வேண்டும். அந்த வேலைக்கு ‘பெட்டியடைப்பு’ என்கிறேன். பட்டறையில் “பாக்ஸ் பண்ணு” என்கிறார்கள், ஆகப் பெட்டி விலகிப் போகவில்லை.

என் சொந்த அபிப்பிராயம், யாரும் கேட்காவிட்டாலும்: நம் ஊரில் இருக்கும் வண்டி என்றால் முதல் வழியைத் தவிர மற்றதைத் தொடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் பதிவு கிடைக்கும். சேசிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் கிடையாது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பட்டைவில் குலுக்கும்தான். விண்டேஜ் பதிவு வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கவே அனுமதியில்லை, அப்புறம் சொகுசு எதற்கு?

அன்புடன்,
கம்பத்திலிருந்து

---

அண்ணா, வணக்கம்.

தாங்கலைக் கைவிட்டது நல்லதாய்ப் போயிற்று. திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லை வரை எங்கள் பக்கம் தாங்கல் என்றால் சிறிய ஏரி. ‘முன்தாங்கல் பழுது’ என்று படித்தால் கரை உடைந்தது என்றுதான் நினைப்பேன்.

வில்லணைக்கு ஒரு தடை சொல்லலாம் என்றிருந்தேன்: பேருந்துகளில் எஃகு வில்லுக்குப் பதிலாக வரும் காற்றுப்பையை என்ன செய்வது என்று. காற்றுவில் என்றால் அதுவும் உள்ளே வந்துவிடுகிறது. ஆக, ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. அடிச்சட்டகம் என்று எழுதுங்கள், ஆனால் ‘சேசிஸ் எண்’ணை அப்படியே விடுங்கள். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவருக்கு ‘அடிச்சட்டக எண்’ என்று போட்டால் தலை சுற்றும்.

---

இருவருக்கும் நன்றி. வில்லணை, பட்டைவில், கவைக்கரம், பெட்டியடைப்பு நான்கையும் ஏற்கிறேன். சேசிஸ் எண்ணில் கை வைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது வழிகளைப் பிரித்து எழுதிவிட்டேன். நம் நாட்டு விதியைத் தனிப் பெட்டிச் செய்தியாகப் போடுகிறேன்.

இன்னொன்று பாக்கி. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் உள்முனையும் வில்லணைக் கரத்தின் உள்முனையும் சரியான இடத்தில் அமையாவிட்டால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் திரும்பும். வேறு காரின் பாகத்தைப் பொருத்தும்போது ‘பம்ப் ஸ்டியர்’ என்கிற இந்தக் கோளாறு அடிக்கடி வரும். ‘தன்திருப்பம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் பள்ளம் அதில் இல்லை. ‘குலுக்குத் திருப்பம்’ எப்படி?