தங்கிச் செல்லும் வீட்டில் முடி, ரோமம்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். ஓரிரு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுகிறேன். நாய், பூனையோடும் வரலாம். வீடே பளபளவென்று இருந்தாலும் குளியலறையில் ஒரே ஒரு நீள முடி கிடந்தால் போதும், 'சுத்தமில்லை' என்று எழுதிவிடுகிறார்கள்.

முதலில் வேக்குவம், அப்புறம்தான் மாப். ஈரத் தரையில் முடி ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் இடம் மாறுமே தவிரப் போகாது. சோபாவுக்கு ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுக்கிறேன், ரோமம் திரிதிரியாக உருண்டு வருகிறது. ஒட்டும் ரோலரைவிட இது எவ்வளவோ மேல். துணி உலர்த்தும் டிரையரின் வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் காலி செய்கிறேன்.

தீராத தலைவலி வெள்ளைப் படுக்கை விரிப்புதான். துவைத்து, உதறி, விரித்த பிறகும் ஓரத் தையலில் ஒரு கறுப்பு முடி நெளிந்துகொண்டிருக்கும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. வெளிர்சாம்பல் விரிப்புக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? கறை தெரியாமல் போய்விடுமோ என்று எனக்குத் தயக்கம்.

இன்னொன்று, பூனை ஒவ்வாமை உள்ளவர்கள். ரோமத்தை எடுத்தால் மட்டும் போதாது. பிரச்சினை பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதம், அது மெத்தையிலும் திரைச்சீலையிலும் தங்கிவிடும். பூனை வந்துபோன பின் திரைச்சீலையையும் துவைக்கிறீர்களா? ஒருவர் கிளம்பி அடுத்தவர் வருவதற்குள் சில மணி நேரம்தான் கிடைக்கிறது.

ரோபோ வேக்குவம் வாங்கலாமா? நீள முடி பிரஷில் சுற்றிக்கொள்ளும் என்கிறார்களே, பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்.