பி குரூப் சிறுநீரகம், ஓ குரூப் மனைவி: ரத்தத்தைச் சுத்தம் செய்தால் போதுமா?

சிப்புட்_மாப்பிள்ளை:
மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு வாரம் மூன்று நாள் ஈப்போவில் டயாலிசிஸ். என் சிறுநீரகத்தைத் தரலாம், ஆனால் நான் பி, அவள் ஓ. பி-க்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது என் சிறுநீரகத்தைத் தாக்கும் புரதம், அவள் ரத்தத்தில் 1:256 இருக்கிறதாம் (256 மடங்கு நீர்த்தாலும் தெரிகிறது). அதை வடிகட்டி 1:8-க்குக் கொண்டுவரணும் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

பழைய_மண்டோர்:
வேண்டாம் தம்பி. தோட்டத்து ஸ்டோரில் முப்பது வருஷம் ரப்பர் பால் வடிகட்டினவன் நான். சல்லடை பெரியதைப் பிடிக்கும், சிறியதை விடும், அவ்வளவுதான். ஆன்டிபாடி போனால் நல்ல புரதமும் போகும். என் மகளுக்கு ஆன்டிபாடியால் வரும் தசைத்தளர்ச்சி நோய் (மயஸ்தீனியா), பிளாஸ்மா என்கிற ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றினார்கள். நாலு வாரம் நன்றாக இருந்தாள், அப்புறம் கண் இமை திரும்பத் தொங்கிவிட்டது.

டயாலிசிஸ்_மிஸி:
பிளாஸ்மா மாற்றம் அப்படித்தான் ஐயா. ஒரு தடவைக்கு அறுபது சதவீதத்துக்கு மேல் ஆன்டிபாடி இறங்கும், ஆனால் ரத்தம் உறைய வைக்கும் புரதங்களும் கூடவே போகும், பதிலுக்கு ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் ஏற்றணும். நான் சொல்வது சல்லடையே இல்லை, வேண்டாத ஆன்டிபாடியை மட்டும் ஒட்டிப் பிடிக்கும் உருளை. மழை பெய்தால் ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் தண்ணீர் வழிந்து போகும், சுவரில் காய்ந்த ஒட்டுப்பால் போகுமா? அதேபோல பி குரூப்பின் அடையாளமான சர்க்கரையை உருளைக்குள்ளே ஒட்டவைத்திருப்பார்கள். பி-எதிர் ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் உடம்புக்கே திரும்பும். இப்போது மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் மணிகள் அடைத்த உருளை. மணிக்குப் பதிலாகத் துளையுள்ள மெல்லிய சவ்வில் ஒட்டவைப்பது இன்னும் ஆராய்ச்சியில்தான். மணிக்குள் ஆன்டிபாடி மெதுவாக ஊறிப் போகணும், சவ்வில் ஓட்டமே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் ஒட்ட இடம் குறைவு.

பழைய_மண்டோர்:
சரி, ஒட்டட்டும். ஊற்றுக் கிணற்றை இறைத்து என்ன பயன்? மறுநாள் ஊறிவிடுமே.

டயாலிசிஸ்_மிஸி:
ஊறும், மறுக்கவில்லை. ஐ.ஜி.ஜி என்ற ஆன்டிபாடி வகையில் பாதிக்கு மேல் ரத்தக் குழாய்க்கு வெளியேதான் கிடக்கிறது. அதனால் ஒரு தடவையோடு விடமாட்டார்கள். ஆன்டிபாடி செய்யும் செல்கள் புதிதாக உருவாகாமல் அடக்க முன்கூட்டியே ரிடுக்ஸிமாப் மருந்தும் கொடுப்பார்கள். உங்கள் மகள் நோய்க்கு வருஷக்கணக்கில் அடக்கணும். இங்கே ஆபத்து முதல் இரண்டு வாரம்தான், அதைத் தாண்டினால் ஆன்டிபாடி திரும்பினாலும் புதுச் சிறுநீரகம் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். ஜப்பானில் 1989 முதல் செய்கிறார்கள்.

கிராணி_மகள்:
செலவை யாரும் பேசவில்லையே? உருளை வாங்கக் கேட்டால், பிளாஸ்மா மாற்றம் ஏன் போதாது என்று முதலில் கேளுங்கள் அண்ணே. அக்கா பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். உருளையோடு சேர்ந்தால் பிரஷர் சட்டென்று விழலாம்.

சிப்புட்_மாப்பிள்ளை:
எனலாப்ரில்தான் சாப்பிடுகிறாள்! நல்லவேளை சொன்னீர்கள். 256-லிருந்து 8 என்றால் ஐந்து தடவை பாதியாகணும். ஒவ்வொரு தடவையும் எண்ணை இங்கே போடுகிறேன்.

பழைய_மண்டோர்:
போடு தம்பி. மூன்றாவது தடவையும் எண் ஏறி நின்றால் மிஸியைத்தான் கேட்பேன்.