பேசிக்கொண்டே ஓடினாலும் வாட்ச்சில் இதயத் துடிப்பு 170 காட்டுகிறது. கோளாறு எனக்கா, வாட்ச்சுக்கா?

சத்துவாச்சாரிக்காரி
ஞாயிறு, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். வயசு 39, ஓட ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆகுது. போன மாசம் தம்பி ஒரு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அதுவரைக்கும் நிம்மதியா ஓடிட்டிருந்தேன்.

தினமும் 5 மணிக்கு சர்வீஸ் ரோட்டுல ஓட்டம். கிலோமீட்டருக்கு ஏழே முக்கால் நிமிஷம், அவ்ளோதான் வேகம். கூட வர்ற பக்கத்து வீட்டு அக்கா சொல்ற மருமகள் கதையை முழுசாக் கேட்டு, நடுநடுவுல பதிலும் சொல்லிக்கிட்டே ஓடுவேன். வாட்ச் மட்டும் 168, 170னு காட்டி சிவப்பா மிரட்டுது. ஓடி முடிச்சா மூணு நாள் ஓய்வு எடுன்னு சொல்லுது. அந்த மூணு நாள் யார் சமைக்கிறதுன்னு சொல்லலை.

இன்னொண்ணு. சனிக்கிழமை வேலூர் கோட்டைக்குள்ள ஓடுவோம். வீட்டுக்கு வந்து மேப்பைப் பார்த்தா, கோடு மதில் மேல ஏறி, அகழியில இறங்கி, மறுபடி கரையேறியிருக்கு. நான் நீந்தலைங்க.

வீட்டுல சொன்னா ஓடறதையே நிறுத்தச் சொல்லிடுவாங்க, அதான் இங்க கேக்கறேன்.

வேலப்பாடி வேகம்
ஞாயிறு, 8.05

விலை கம்மியான வாட்ச்னா அப்படித்தான். வித்துட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்க.

காட்பாடி அஞ்சு மணி
ஞாயிறு, 8.20

இன்னா பா, எடுத்த எடுப்புல விக்கச் சொல்ற. அக்கா, மொதல்ல இதச் சொல்லுங்க. ஓடிக்கினு இருக்கும்போது தலை சுத்தல், நெஞ்சு அழுத்தம், கண்ணு இருட்டறது, எதுனா உண்டா? மாத்திரை எதுனா சாப்டறீங்களா? மொதக் கேள்விக்கு ஆமான்னா இங்க கேட்டுக்கினு இருக்காதீங்க, நேரா டாக்டர்தான். இல்லன்னா பொறுமையா பேசலாம்.

சத்துவாச்சாரிக்காரி
ஞாயிறு, 8.31

அப்படி எதுவும் இல்ல தம்பி. தைராய்டு மாத்திரை மட்டும் நாலு வருஷமா, 50 மைக்ரோகிராம். போன மாசம் டெஸ்ட் எடுத்தேன், சரியாத்தான் இருந்தது.

பாலாற்று மணல்
ஞாயிறு, 9.10

அம்மா, நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61, இன்னும் ஓடுகிறேன். 168 என்ற எண்ணைப் பார்த்ததும் ஒரு சந்தேகம். ஒரு நிமிடத்துக்கு உங்கள் காலடி எத்தனை விழுகிறது? வாட்ச்சில் கேடன்ஸ் என்று தனியாக ஒரு திரை இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரிக்காரி
ஞாயிறு, 9.22

இன்னைக்கு ஓடினதோட சராசரி 168. நேத்து 167. ஐயையோ, ரெண்டும் ஒரே எண்ணா வருதே?

பாலாற்று மணல்
ஞாயிறு, 9.58

அதேதான். உங்கள் வாட்ச் இதயத்தை எண்ணவில்லை, காலை எண்ணுகிறது.

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதல்லவா? ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டுக்கு ரத்தம் பொங்கி வரும்போது திரும்பும் ஒளி சற்றுக் குறையும், வடியும்போது கூடும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் வாட்ச் துடிப்பு என்று எண்ணுகிறது. ஓடும்போது கை வீச்சில் வாட்ச்சும் தோலை விட்டு எழும்பி எழும்பி உட்காரும். அதுவும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். இதில் துடிப்பின் அலை சின்னது, ஆட்டத்தின் அலை பெரியது. வாட்ச்சுக்குள் இருக்கும் அசைவுமானி காலடித் தாளத்தைக் கண்டுபிடித்துக் கழிக்கப் பார்க்கும். சில சமயம் கழிக்க வேண்டியதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பம்பை அடிக்கிற இடத்தில் நின்று சுவர்க்கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ணச் சொன்னால் நாமும் பம்பையைத்தானே எண்ணுவோம்.

சந்தேகம் தீர ஒரு காரியம் செய்யுங்கள். இருபது நிமிடம் ஓடிவிட்டுச் சட்டென்று நின்று, உடனே கழுத்தில் விரல் வைத்து 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். தாமதித்தால் துடிப்பு இறங்கிவிடும். அதே நேரம் வாட்ச் என்ன காட்டுகிறது என்றும் பாருங்கள். நிஜத் துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். பொய்த் துடிப்பு கால் நின்றதும் தொபுக்கென்று விழும்.

பாகாயம் நைட் டூட்டி
ஞாயிறு, 11.15

நர்ஸா ஒரு வார்த்தை. கழுத்துல ஒரு பக்கம் மட்டும், மெதுவா வைங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து அழுத்தக் கூடாது. மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் பார்த்தாலும் சரி.

விரல்ல மாட்டற ஆக்சிமீட்டரும் இதே மாதிரி ஒளியை வெச்சுத்தான் வேலை செய்யுது, அதுல சிவப்பும் அகச்சிவப்பும். நோயாளி கையை ஆட்டினா அதுவும் கண்டபடி காட்டும். நாங்க மெஷினைப் பார்த்து ஓட மாட்டோம், முதல்ல கையைப் பிடிச்சுப் பார்ப்போம்.

விரல்ல எண்ணியும் 165க்கு மேல வந்தா மட்டும் ஹீமோகுளோபினும், தைராய்டுக்குப் பார்க்கற டிஎஸ்ஹெச் டெஸ்டும் பாருங்க அக்கா. ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு மாத்திரை அளவு கூடிப் போனாலும் துடிப்பு ஏறும்.

சத்துவாச்சாரிக்காரி
செவ்வாய், 6.35

எண்ணிட்டேன்! 10 விநாடிக்கு 23, அப்ப 138. நான் நின்ன நிமிஷம் வாட்ச்சுல 167, ஏழெட்டு விநாடியில 131. மணல் ஐயா சொன்ன மாதிரியே தொபுக்குன்னு விழுந்துச்சு. ரெண்டு நாளா இருந்த கவலை போச்சு.

கையில வாட்ச் கட்டியிருக்கற படம் போட்டிருக்கேன், இதுல ஏதாவது தப்பு இருக்கா பாருங்க.

காட்பாடி அஞ்சு மணி
செவ்வாய், 6.50

அக்கா, வாட்ச்சுக்கு அடியில இன்னா அது, கயிறா? ஒரு ஓரம் கயித்து மேல ஏறி உக்காந்துக்கினு கீது. இன்னொரு ஓரம் எலும்பு மேல. நடுவுல வெளிச்சம் போயி வர்ற அளவுக்கு சந்து. அப்புறம் அது எங்க துடிப்பைப் பாக்கும்?

சத்துவாச்சாரிக்காரி
செவ்வாய், 6.58

வள்ளிமலையில மாமியார் கட்டிவிட்ட கயிறு. கழட்டச் சொல்லாதீங்க, அதைவிட வாட்ச்சைக் கழட்டறது சுலபம்.

காட்பாடி அஞ்சு மணி
செவ்வாய், 7.04

கயிறு இருக்கட்டும் கா. வாட்ச்சை மணிக்கட்டு எலும்புல இருந்து ரெண்டு விரற்கடை மேல ஏத்திக் கட்டுங்க. ஓடறப்ப மட்டும் ஒரு துளை இறுக்கமா. தள்ளுனா தோலும் கூட நகரணும், ஆனா விரல் மரத்துப் போகக் கூடாது. முடிச்சதும் தளர்த்திடுங்க. வலது கைக்கு மாத்துனா செட்டிங்லயும் வலதுன்னு மாத்திடுங்க. வேர்வை உப்பு கண்ணாடியில படிஞ்சு கிடக்கும், வெறுந்தண்ணியில கழுவித் தொடைங்க.

வேலப்பாடி வேகம்
செவ்வாய், 7.30

சரி, விக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா 39 வயசுக்கு உச்சத் துடிப்பு 220லிருந்து வயசைக் கழிச்சா 181. அதுல 138ங்கறது சுலபமான ஓட்டம்தான். இந்தக் கணக்கு சரிதானே?

பாலாற்று மணல்
செவ்வாய், 8.15

ஒரு குத்துமதிப்புக்குச் சரி. 2001இல் வந்த இன்னொரு வாய்ப்பாடு உண்டு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இல் கழிக்க வேண்டும். 40 வயதுக்கு இரண்டிலும் 180தான் வரும், அதனால் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியாது. என் வயதுக்குப் பழைய கணக்கில் 159, புதியதில் 165. எதில் போட்டாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருப்பது சகஜம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டுமே பொருந்தாது, அந்த மாத்திரை துடிப்பையே ஏறவிடாது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அக்னி நட்சத்திரத்தில் இதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் கடைசியில் துடிப்பு பத்துப் பதினைந்து கூடிவிடும். வியர்வையில் நீர் போய்விடும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்பியாக வேண்டும், அதனால் இதயம் வேகமாக அடிக்கும். அன்றைக்கு வாட்ச் மேல் பழி போடாதீர்கள், அது வேலூர் வெயில்.

சத்துவாச்சாரிக்காரி
வியாழன், 6.40

கயிறு தாண்டி மேல ஏத்திக் கட்டினேன். முதல் பத்து நிமிஷம் அதே 165, அப்புறம் தானா 140க்கு வந்து நின்னுச்சு. பாதி ஜெயிச்ச மாதிரி. அந்த முதல் பத்து நிமிஷத்துக்கு என்ன பண்றது?

காட்பாடி அஞ்சு மணி
வியாழன், 6.55

ஓடறதுக்கு முன்னாடி வேகமா நடந்து, கைய சுழட்டி, ஒடம்பு சூடு ஏறட்டும். தோலுக்கு ரத்தம் வந்தாத்தான் அதுக்குத் தெரியும். அப்பவும் சரிப்படலன்னா நெஞ்சுல கட்டற பட்டைதான் வழி. அது வெளிச்சத்தை நம்பாது, இதயத்தோட மின்சாரத்தையே புடிக்கும். என்னோடது சும்மாதான் கெடக்குது, வாங்கிக்கோங்க. கட்டறதுக்கு முன்னாடி உள்பக்கத்துப் பட்டையை ஈரமாக்கணும். காஞ்சிருந்தா அதுவும் தொடக்கத்துல உளறும்.

பாலாற்று மணல்
வியாழன், 9.30

கோட்டை விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டோம். ஜிபிஎஸ் தூரத்தை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. செயற்கைக்கோளில் இருந்து சமிக்ஞை வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, அதில் இருந்து நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோ விநாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் தவறு. கோட்டைக்குள் மதிலை ஒட்டி ஓடும்போது கருங்கல் சுவர் பாதி வானத்தை மறைத்துவிடும். மீதி வானத்தில் இருந்து வருவது சுவரில் மோதிச் சுற்றி வந்து சேரும். அதனால்தான் உங்களை அகழியில் இறக்கிவிட்டது. மதிலை விட்டு நடுத்திடல் பக்கம் ஓடிப் பாருங்கள், கோடு நேராகும். பாலாற்றுப் பாலத்தின் மேல் என் கோடு அளவுகோல் வைத்துப் போட்டது போல இருக்கும், தலைக்கு மேல் வானம் தவிர ஒன்றுமில்லை.

கிளம்பும் முன் வெட்டவெளியில் நின்று, பிடித்துவிட்டது என்று வாட்ச் சொன்ன பிறகே தொடங்குங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் சொல்லி முடிக்கும். முந்தின நாள் இரவு போனோடு இணைத்து வைத்தால் அந்த விவரம் முன்கூட்டியே இறங்கிவிடும், காத்திருப்பு குறையும். பதிவு செட்டிங்கில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் முறை இருந்தால் விநாடிக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள்.

வேலப்பாடி வேகம்
வியாழன், 10.02

என் வாட்ச்ல நாவிக் இல்லையே, நம்ம ஊர் சேட்டிலைட்டை ஏன் அது பிடிக்கறதில்ல?

பாலாற்று மணல்
வியாழன், 10.40

முதலில் அனுப்பிய நாவிக் செயற்கைக்கோள்கள் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே பேசின. சாதாரண வாட்ச்சுக்கு எல்1 மட்டும்தான் காதில் விழும். 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து போன என்விஎஸ்-01 தான் எல்1இலும் பேசும் முதல் நாவிக். எல்1, எல்5 இரண்டையும் கேட்கும் இரட்டை அலைவரிசை வாட்ச்சுகளில் சுவரில் மோதி வரும் பொய்ச் சமிக்ஞையைப் பிரித்தறிவது சுலபம். அதற்காக அம்மா இப்போதே மாற்ற வேண்டியதில்லை.

சத்துவாச்சாரிக்காரி
ஞாயிறு, மாலை 5.20

பட்டையும் வாட்ச்சும் சேர்த்துக் கட்டி மூணு நாள் ஓடிட்டேன். சமதரையில பட்டையில 136லிருந்து 141, வாட்ச்சுல நடந்து சூடேத்தினப்புறம் அதே எண்தான். கோட்டைக்குள்ள மதில் ஓரம் போகலை, கோடு தண்ணியில இறங்கலை.

இன்னைக்கு வள்ளிமலை போனோம். அக்காவும் வந்தாங்க. படியேறப்ப பட்டையில 171, கேடன்ஸ் 96 தான். இந்தத் தடவை நிஜம். அக்கா மருமகள் கதையைப் பாதிப் படியில நிறுத்திட்டாங்க, நானும் மீதி என்னன்னு கேக்கலை, கேக்க மூச்சு இல்ல. மாமியாருக்காகப் புதுக் கயிறு ஒண்ணு வலது கையில கட்டிக்கிட்டேன். இடது கை இனி வாட்ச்சுக்கு.

காட்பாடி தம்பி, பட்டையைத் திருப்பிக் கொடுக்கணும். துவைக்கலாமா, எப்படி?

காட்பாடி அஞ்சு மணி
ஞாயிறு, 5.41

நடுவுல இருக்கற பட்டன் மாதிரி பெட்டியைக் கழட்டிட்டு, பட்டைய மட்டும் கையால அலசுங்க கா. மிஷின்ல போடாதீங்க. நிழல்ல காய வைங்க, நம்மூரு வெயில்ல போட்டா அப்பளம் மாதிரி ஆயிடும். அவசரம் இல்ல, இந்த மாசம் பூரா நீங்களே வெச்சிக்கோங்க.