டேப்பை வெட்டி ஒட்டினால் அது ஜாஸா?

ரைடு_சிம்பல்: "மைல்ஸ் டேவிஸின் ஆகச் சிறந்த ஜாஸ் ஆல்பம் பிட்சஸ் ப்ரூ" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1969 ஆகஸ்டில், உட்ஸ்டாக் இசைவிழா முடிந்த மறுநாள் தொடங்கி, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸும் அவர் குழுவும் மூன்று நாள் வாசித்தார்கள். அப்புறம் தயாரிப்பாளர் டியோ மசேரோ அந்த ஒலிப்பதிவு டேப்பை வெட்டி ஒட்டினார். வாசிக்கிற அந்த நொடியில் பிறப்பதுதான் ஜாஸ். ஒட்டுப்போட்டதை எப்படி ஜாஸ் என்பீர்கள்?

பழைய_ரெக்கார்டு: எழுதியது நான்தான். வாசித்தவர்கள் வெய்ன் ஷார்ட்டர், சிக் கொரியா, ஜான் மெக்லாக்லின். இவர்களுக்கே நீங்கள் ஜாஸ் சொல்லித் தருவீர்கள் போல.

ரைடு_சிம்பல்: யார் வாசித்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை. வெட்டினார்களா, இல்லையா? அந்த ஆல்பத்தின் 'ஃபாரோஸ் டான்ஸ்' ஒன்பதாவது நிமிடத்தை நெருங்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே சின்னத் துண்டு அடுத்தடுத்து வரும். அது கை வாசித்ததல்ல, பிளேடு வாசித்தது.

நள்ளிரவு_கிளாரினெட்: 1920களில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் ஜாஸ் குழு, மூன்று நிமிட இசைத்தட்டுக்குள் அடங்கும்படி சுருக்கித்தான் வாசித்தது. அதையும் தள்ளிவிடலாமா?

ரைடு_சிம்பல்: சுருக்கி வாசிப்பதும் வாசித்ததை வெட்டுவதும் ஒன்றா? இறந்து 28 வருடமான ஆம்ஸ்ட்ராங்கின் பாட்டின் மேல் 1999இல் கென்னி ஜி தன் சாக்ஸபோனை ஒட்டினார். ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெத்தீனி அதைக் கண்டித்துக் கொதித்துப்போய் எழுதினார். உங்கள் கணக்கில் அதுவும் ஜாஸ்தான்!

பழைய_ரெக்கார்டு: மைல்ஸை கென்னி ஜியோடு சேர்த்துப் பேசுகிறீர்களே, நாக்கு கூசவில்லையா? மைல்ஸ் உயிரோடு இருந்தார், அவர் ஆல்பம் அது. ஜாஸ் பிரிவில்தான் கிராமியே கொடுத்தார்கள்.

ரைடு_சிம்பல்: கென்னி ஜியிடமும் கிராமி இருக்கிறது. அடுத்தது?

நள்ளிரவு_கிளாரினெட்: இதே ஆல்பத்தில் பென்னி மாப்பின் வாசித்த பேஸ் கிளாரினெட்டைப் போன மாதம் சாக்ஸபோன் என்று எழுதியவர் நீங்கள்தானே? அந்தக் கருவியின் அடிக்குரல் புகை மாதிரி அடியில் நகர்வதே காதில் விழாதவருக்கு பிளேடு சத்தம் மட்டும் எப்படிக் கேட்டது?

ரைடு_சிம்பல்: அவசரத்தில் எழுதிய ஒரு சொல். அதை இன்னும் எத்தனை மாதம் சுமப்பீர்கள்?

நள்ளிரவு_கிளாரினெட்: திருத்தும்வரை. அந்தப் பதிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ரைடு_சிம்பல்: பேச்சை மாற்றாதீர்கள். வெட்டினார்களா, இல்லையா?