காலில் வாலைக் கட்டிக்கொண்டு சுறாவைச் சந்தித்த கதை

அலம்பில்காரன்:
அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மச்சான் விட்டுவிட்டுப் போன, மின்சாரத்தால் சுறாவை விரட்டும் கருவிதான். கணுக்காலில் பட்டரியைக் கட்டினால் இரண்டு மீட்டர் வால் பின்னால் இழுபடுமே, அதேதான். சித்திரை மாதம், எட்டுப் பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், கையில் பாதி நிறைந்த கடலட்டைப் பை. இடப்பக்கம் ஒரு நிழல் அசைந்தது. என்னைவிடச் சற்று நீளமான சுறா. கடலடிப் பாறையில் மேய்ந்துகொண்டிருந்த ஓரா மீன் கூட்டம் கருவியைச் சட்டைசெய்யவே இல்லை. சுறா நேரே வந்தது. காலுக்கு ஒரு பாகத் தூரத்தில், மூக்கில் மிளகாய்த்தூள் ஏறியதுபோல் தலையைச் சிலுப்பிக்கொண்டு திரும்பியது. நான் பதறிப் பின்வாங்கியதில் வால் என் தொடையில் பட்டது. சதை தானாகத் துள்ளியது. வாயிலிருந்த காற்றுக்குழாயும் கழன்றுவிட்டது. சுறா போன திசையை நான் பார்க்கவேயில்லை. குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நாச்சிக்குடா அண்ணை:
தம்பி, அது உம்மைத் தின்ன வந்தது என்று யார் சொன்னது? வேடிக்கை பார்க்க வந்திருக்கும். இருபத்தைந்து வருடம் சங்கு குளித்தவன் நான். எனக்கு நடந்தது ஒரு முறைதான்: குத்திய மீன்களைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருந்தேன், கயிறு இழுபட்டது, திரும்பினால் மீன்கள் இல்லை. ஆகவே கேளும். மீனை இடுப்பில் கட்டாதீர், வள்ளத்தில் போடும். கலங்கிய தண்ணீரில் இறங்காதீர். பொழுதுபடும் நேரத்தில் இறங்காதீர். தனியே போகாதீர். சுறாவைக் கண்டால் முதுகைக் காட்டாமல் முகத்தைப் பார்த்தபடி மெல்ல மேலே வாரும். சிலிண்டர் போட்டவர் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயவே கூடாது. சுறா விட்ட உயிரை நுரையீரல் எடுத்துவிடும். காலில் பட்டரி கட்டுவதெல்லாம் காசு மிஞ்சியவன் வேலை.

பேர்த் வாசி, ஊர் விசுவமடு:
அண்ணை சொல்வதில் பாதிதான் சரி. சுறாவின் மூக்கில் களி நிரம்பிய நுண்துளைகள் இருக்கின்றன. மிக மெல்லிய மின்சாரத்தையும் அவற்றால் உணரும். ஓராவுக்கு அவை கிடையாது, அதனால்தான் அது மேய்ந்துகொண்டிருந்தது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகத் தென் அவுஸ்திரேலியாவில் வெள்ளைச் சுறாக்களிடம் ஐந்து கருவிகளைச் சோதித்தார்கள். அலைச்சறுக்குப் பலகையில் பொருத்தும் மின்கருவி ஒன்று, இரை பறிபோவதை 96 வீதத்திலிருந்து 40 வீதமாகக் குறைத்தது. காந்த வளையமும் வாசனை மெழுகும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் 40 என்பது பூச்சியம் இல்லை. நான் இங்கே கட்டிக்கொண்டுதான் நீந்துகிறேன். ஒரு நாள் திருக்கை ஒன்று சட்டென்று விலகியது, அவ்வளவே.

அரிப்புப் பேத்தி:
எங்கள் மன்னார் அரிப்புப் பக்கம் முத்துக் குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார் அல்லவா? சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர். அவர் கரையில் நின்று ஓதாமல் சுழியோடிகள் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்காரரும் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அம்மம்மா இதைச் சொல்லும்போது சிரித்தேன். அலம்பில்காரர் எழுதியதைப் படித்தபின் சிரிப்பு வரவில்லை. கடல்கட்டிக்குப் பட்டரி இறங்காது என்பது ஒரு வசதி.

அலம்பில்காரன்:
அண்ணை, நான் அறிவுரை கேட்கவில்லை. மீனும் கட்டவில்லை, அட்டைக்குப் போனேன். நேற்று மச்சான் தொலைபேசியில், கருவி வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். என் தொடையில் செய்தது உண்மைதானே.