பெரிய ஜெர்மன் கார்களில் மேனுவல் கியர்: கொடுக்கவில்லையா, யாரும் கேட்கவில்லையா?

நெக்கர் கரை
ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கிறேன். ஆறு மாதமாக ஒரு டபிள்யூ 126 தேடுகிறேன், 1979 முதல் 1991 வரை வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ். எனக்கு வேண்டியது இரண்டு: வி8 எஞ்சின் (எட்டு சிலிண்டர், V வடிவில்), கையால் போடும் கியர். இரண்டும் ஒரே வண்டியில் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. போன வாரம் ஒருவர் "500 எஸ்இ, மேனுவல்" என்று விளம்பரம் போட்டிருந்தார். இருநூறு கிலோமீட்டர் போய்ப் பார்த்தால் அது 280 எஸ்இ. டிக்கி மூடியில் எண்ணை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். பானெட்டைத் தூக்கியதும் ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நின்றன. எதுவும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆறு சிலிண்டர் 260, 280, 300 வாங்கியவருக்கு மேனுவல் உண்டு. வி8 வைத்த 380, 420, 500, 560 வாங்கியவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும். அதிகப் பணம் கொடுத்தவனிடமிருந்து கியர் கம்பியைப் பிடுங்கியது ஏன்? இது கம்பெனி செய்த அநியாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

பழைய இரும்பு
தம்பி, நான் மறுக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வண்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வி8 வண்டிக்கு ஆட்டோமேட்டிக்தான் சரியான ஜோடி. மெர்சிடிஸ் தானே வடிவமைத்த நாலு கியர் பெட்டி அது. சாதாரணமாகக் கிளம்பும்போது முதல் கியரைத் தொடாமல் இரண்டாவதிலேயே எடுக்கும், டம்ளரில் இருக்கும் தண்ணீர் அசையாது. மிதியை அடிவரை அழுத்தினால்தான் முதல் கியருக்கு இறங்கும். அந்த எஞ்சினின் இழுவையும் அந்தப் பெட்டியின் நிதானமும் சேர்ந்ததுதான் எஸ் கிளாஸ்.

இன்னொன்று. 1968இல் வந்த 300 எஸ்இஎல் 6.3, 1975இல் வந்த 450 எஸ்இஎல் 6.9, இரண்டும் அந்தக் காலத்தில் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களை ஓரங்கட்டிய வண்டிகள். இரண்டிலும் ஆட்டோமேட்டிக் மட்டும். 1990இல் போர்ஷே கைவைத்து, தன் சுஃபன்ஹவுசன் ஆலையில் கட்டிய மெர்சிடிஸ் 500 ஈ, 326 குதிரைசக்தி. வேகத்துக்கென்றே பிறந்த வண்டி, அதிலும் மேனுவல் இல்லை. அதைக் கட்டியவர்களுக்கு ஓட்டத் தெரியாதா என்ன?

மூன்றாம் பெடல்
அண்ணா சொன்னதில் டம்ளர் தண்ணீர் வரைக்கும் எனக்குச் சம்மதம். அதற்கப்புறம் இல்லை. "வி8க்கு ஆட்டோமேட்டிக்தான் ஜோடி" என்றால், 126க்கு முந்தைய 116இல் 350 எஸ்இ எப்படி வந்தது? மூன்றரை லிட்டர் வி8, 200 குதிரைசக்தி, நாலு கியர் மேனுவலோடு விற்றார்கள். அதே எஞ்சின் குடும்பத்தில் 380 வந்தபோது மேனுவல் காணாமல் போய்விட்டது. குதிரைசக்தியோ 218தான். அந்தக் கொஞ்சம் கூடுதலைத் தாங்கும் கியர்பெட்டி செய்ய மெர்சிடிஸால் முடியாமலா போயிருக்கும்? மனம்தான் இல்லை.

பிஎம்டபிள்யூ பக்கம் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1987இல் அவர்களுடைய பெரிய காரான 7 சீரிஸில் 750ஐ வந்தது, ஐந்து லிட்டர் வி12, 300 குதிரைசக்தி. ஆட்டோமேட்டிக் மட்டும். அதே எஞ்சினை எடுத்து 850ஐ கூபேயில் வைத்தார்கள், 1990 முதல் ஆறு கியர் மேனுவலோடு தந்தார்கள். எஞ்சின் ஒன்று, கம்பெனி ஒன்று. கதவு இரண்டா நாலா என்பதுதான் வித்தியாசம். அதிலும் வேதனையான விஷயம், 7 சீரிஸில் மேனுவலைப் பெரிய எஞ்சினோடு பொருத்திப் பார்க்காதவர்கள் இல்லை அவர்கள். எண்பதுகளின் கடைசியில் "தங்கமீன்" என்று பெயர் வைத்து ஒரே ஒரு சோதனை வண்டி செய்தார்கள். 6.7 லிட்டர், பதினாறு சிலிண்டர். எஞ்சின் நீளம் முன்பக்கத்தை நிரப்பிவிட்டதால் ரேடியேட்டரை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வண்டியில் கியர் என்ன தெரியுமா? ஆறு கியர் மேனுவல். பொறியாளர் தனக்காகச் செய்தால் ஒன்று, விலைப்பட்டியலுக்குச் செய்தால் வேறொன்று.

பழைய இரும்பு
850ஐ வாங்கியவர் முன் சீட்டில் உட்கார்ந்தார். 750ஐ வாங்கியவர்களில் பலர் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். கிளட்சை ஒவ்வொரு முறை விடும்போதும் பின்னால் இருப்பவரின் தலை ஆடும். கதவு எண்ணிக்கை என்று நீங்கள் சொன்னதன் பொருள் இதுதான் அம்மா.

சரி, மேனுவல் எஸ் கிளாஸை நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? 126இல் கைபிரேக் கிடையாது, கால்பிரேக். இடது ஓரத்தில் ஒரு சின்ன மிதி, விடுவிக்க டேஷ்போர்டில் ஒரு இழுப்பான். அதாவது மேனுவல் வண்டியில் மொத்தம் நாலு மிதி. மேட்டில் நிற்கிறீர்கள். பிரேக்கைப் போடும் காலும் கிளட்சை மிதிக்கும் காலும் ஒரே இடது கால். நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, அந்த மிதியை அழுத்திவிட்டு, மறுபடி கிளட்ச். கிளம்பும்போது இடது கை இழுப்பானை இழுக்கிறது. கைபிரேக் மாதிரி அங்குலம் அங்குலமாகத் தளர்த்த முடியாது, ஒரேயடியாக விட்டுவிடும். ஆட்டோமேட்டிக்கை மனத்தில் வைத்து வரைந்த வண்டி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இங்கோல்ஸ்டாட் வாசி
ஆடியை ஏன் யாரும் பேசவில்லை? 1988இல் வந்த ஆடி வி8 முதலில் ஆட்டோமேட்டிக்கோடுதான் வந்தது. பிறகு 3.6 லிட்டருக்கு ஐந்து கியர் மேனுவல், 4.2 லிட்டருக்கு ஆறு கியர் மேனுவல். சும்மா கிளட்ச் மிதியை ஒட்டவைத்த வேலை இல்லை அது. ஆட்டோமேட்டிக்கில் முன் பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்க மின்னணு கட்டுப்படுத்தும் தட்டுக் கிளட்ச். மேனுவலில் அதற்குப் பதில் முழுக்க இயந்திரப் பற்களால் இயங்கும் டோர்சன். டிடிஎம் என்ற ஜெர்மன் கார் பந்தயத்தில் 1990இல் ஹன்ஸ் யோவாக்கிம் ஸ்டுக், 1991இல் ஃபிராங்க் பீலா, இருவரும் இந்தப் பெரிய வண்டியில்தான் பட்டம் வாங்கினார்கள். அப்புறம் வந்த அலுமினிய உடம்பு ஆடி எஸ்8லும் ஐரோப்பாவில் ஆறு கியர் மேனுவல் உண்டு. நாலு கதவு, வி8, பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், கியர் கம்பியும் இருக்கும். முடியாது என்று சொன்ன எல்லாவற்றையும் ஆடி செய்தது.

நெக்கர் கரை
இரும்பு அண்ணா, கால்பிரேக் விஷயம் உண்மைதான். போன வாரம் அந்தப் பொய் 500இல் நானே மேட்டில் திணறினேன். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்த 280இன் கதவைத் திறந்தால் கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். துணி சீட். ஆட்டோமேட்டிக் என்பது தனியாகக் காசு கட்டி வாங்கும் பொருள், மேனுவல் என்பது காசு கட்டாதவனுக்குக் கிடைப்பது. மேனுவலை விரும்பி ஒருவன் கேட்பான் என்ற நினைப்பே அந்தப் பட்டியலில் இல்லை. அது கஞ்சனின் கியராகவே கடைசிவரை இருந்துவிட்டது. 126க்குப் பிறகு வந்த 140 எஸ் கிளாஸிலும் ஆறு சிலிண்டருக்கு மட்டும் ஐந்து கியர். 1998இல் அதற்கடுத்த 220 வந்தபோது அதுவும் போயிற்று.

பழைய இரும்பு
இதை ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கஞ்சனின் கியர் என்பது சரியான சொல். பட்டறைக்கு வந்த மேனுவல் 280களில் பாதிக்கு மேல் கிளட்ச் தேய்ந்துபோய்ச் சறுக்கும் நிலையில்தான் வரும். செலவு பண்ண மனமில்லாமல் வாங்கியவர்கள், அப்புறமும் செலவு பண்ணவில்லை. எனக்கு அந்தக் கியர்மேல் மரியாதை வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் கம்பெனி பிடுங்கிக்கொண்டது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். 750ஐக்கு அடுத்த தலைமுறையான ஈ38 7 சீரிஸில் 740ஐக்கு ஐரோப்பாவில் ஆறு கியர் மேனுவல் இருந்தது. 4.4 லிட்டர் வி8, நீங்கள் கேட்ட அதே சேர்க்கை. யார் வாங்கினார்கள்? இன்று ஒன்றைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். 2001இல் அடுத்த மாடல் வந்தபோது ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் வந்தது, யாரும் தெருவில் இறங்கி அழவில்லை.

மூன்றாம் பெடல்
அழுதார்கள் அண்ணா, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். பிஎம்டபிள்யூவின் வேகமான 5 சீரிஸான எம்5, ஈ60 தலைமுறையில் ஏழு கியர் எஸ்எம்ஜியோடு (கிளட்ச் மிதி இல்லாமல், கிளட்சை இயந்திரமே இயக்கும் பெட்டி) மட்டும் வந்தது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2007 மாடலில் வட அமெரிக்காவுக்கென்று ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள், அடுத்த எம்5க்கும் கொடுத்தார்கள். ஜெர்மனியில் அதை வாங்க முடியவில்லை! கேட்ட இடத்தில் கிடைத்தது என்பது உங்கள் வாதத்துக்கும் வலு சேர்க்கிறது, எனக்குத் தெரியும். ஆனால் 740ஐ மேனுவல் ஒன்று இருக்கிறது என்று ஷோரூமில் எத்தனை பேருக்குச் சொன்னார்கள்? முன்னால் நிறுத்தி ஓட்டிப் பார்க்கச் சொல்லாத வண்டியை யாரும் கேட்கவில்லை என்று கணக்கு எழுதுவது நியாயமாகப் படவில்லை.

நெக்கர் கரை
ஒரு 500 எஸ்இ வாங்கி நானே மேனுவலாக மாற்றிவிடட்டுமா என்றுகூட யோசித்தேன்.

பழைய இரும்பு
வேண்டாம். மிதிப் பெட்டி, ஃப்ளைவீல், கிளட்ச், பின்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகும் கார்டன் தண்டின் நீளம், எல்லாம் மாறும். அந்த இழுவைக்கு ஆறு சிலிண்டரின் கியர்பெட்டி எத்தனை நாள் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். பரிசோதகர் ஒப்புக்கொண்டு, வண்டிப் பத்திரத்தில் பதிய வேண்டும். முப்பது வருஷம் தாண்டிய வண்டிக்குத் தரும் 'எச்' நம்பர் பலகையும், காலத்துக்கு ஒவ்வாத மாற்றம் என்று பட்டால் போய்விடும். நல்ல 500ஐக் கெடுக்காதே.

உன் ஆசைக்கு இரண்டு வழி. 740ஐ மேனுவலுக்குக் காத்திரு. இல்லையென்றால் 750ஐயின் அதே ஈ32 தலைமுறையில் வந்த 735ஐ பார். வி8 இல்லை, நேர்வரிசை ஆறுதான், 211 குதிரைசக்தி, ஐந்து கியர். அந்தப் பெரிய உடம்பில் அந்தக் கியர் போடும் சுகத்தை நான் மறுக்கவே மாட்டேன். போகும்போது பிரேக் ஆயில் டப்பாவைப் பார். கிளட்ச்சுக்கும் அதிலிருந்துதான் ஆயில் போகிறது. பிரேக் சரியாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால், ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, கிளட்ச் மிதிக்கு மேலே விரலை வைத்துத் தடவு. ஈரம் இருந்தால் விலையைக் குறைத்துப் பேசு.

நெக்கர் கரை
ஹைல்பிரானில் ஒரு 735ஐ இருக்கிறது அண்ணா, மேனுவல் என்று போட்டிருக்கிறார்கள். இந்த முறை முதலில் கியர் கம்பியின் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போகிறேன்.

பழைய இரும்பு
பானெட்டுக்குள்ளும் ஒரு படம் கேள்.