புதுக் குதிரை லாரிச் சத்தத்துக்கே மிரளுகிறது, தை மாசம் ஷோவுக்குக் கொண்டு போக முடியுமா?

மாத்தூர்_லாயம்:
ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி இனப் பெண் குதிரை வாங்கினேன். நாலு வயசு, செவலை, காது நுனி ரெண்டும் உள்பக்கம் வளைந்து முட்டும். சுழி பார்த்தோம், பல்லைப் பிடித்து வயசு பார்த்தோம், குணத்தை மட்டும் பார்க்கவில்லை. அங்கே அத்தனை குதிரைக்கு நடுவில் சாதுவாகத்தான் நின்றது. இங்கே எங்கள் ஷெட் மணலி ரோட்டுப் பக்கம். கன்டெய்னர் லாரி ஏர் பிரேக் போட்டு 'புஸ்ஸ்' என்றால் போதும், கண்ணில் வெள்ளை தெரிய பின்னாலேயே போய் சுவரில் இடித்துக்கொள்கிறது. ஷோவில் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டணும், ஓட்டிக் காட்டணும், நடுவர் சுற்றி வந்து பார்க்கும்போது அசையாமல் நிற்கணும். இது அரை நிமிஷம் நிற்காது. போன வாரம் கயிறு உருவி என் உள்ளங்கைத் தோல் போய்விட்டது. தினமும் மூணு கிலோ கொள்ளு, காலையும் மாலையும் புல். தெரிந்தவர் ஒருத்தர், ரோட்டோரக் கம்பத்தில் கட்டிப் போடு, ரெண்டே நாளில் பழகிவிடும் என்கிறார். செய்யலாமா? தீபாவளி வேற வருகிறது.

ஜட்கா_பேரன்:
கட்டவே கட்டாதீங்க தம்பி. பயந்த குதிரைக்குத் தெரிந்த ஒரே வழி ஓடுவதுதான், அதையும் கட்டிப் போட்டு அடைத்தால் பின்னால் சாய்ந்து இழுக்கும், கழுத்து போகும், இல்லை கயிறு அறுந்து நேராக லாரிக்குக் கீழே போகும். எங்க தாத்தா ராயபுரத்தில் ஜட்கா ஓட்டியவர். புதுக் குதிரை வந்தால் உடனே வண்டியில் பூட்ட மாட்டார். லாயத்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார், குதிரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது தானாக வந்து தோளை மோந்து பார்க்கிற அன்றைக்குத்தான் கை வைப்பார். பாட்டி அதுக்கும் திட்டும், அது வேற கதை. உங்களுடையது தனியாகவா நிற்கிறது? துணைக்கு ஒரு ஆடாவது விடுங்க, கூட்டத்தில் வாழ்கிற ஜீவன் அது.

கொள்ளுப்பை:
யாரும் தீனியைப் பற்றிப் பேசவில்லையே. நாள் முழுக்க ஷெட்டில் நிற்கிற குதிரைக்கு மூணு கிலோ கொள்ளா? அந்தத் தெம்பு எங்கே போகும், சுவரில்தான் போகும். அதைவிட முக்கியம், குதிரை வயிற்றில் அமிலம் 24 மணி நேரமும் சுரக்கும், நடுவில் வயிறு காலியாகக் கிடந்தால் புண் வரும், புண் வந்த குதிரை தொட்டாலே சிணுங்கும். 350 கிலோ குதிரை என்றால் காய்ந்த புல்லே ஒரு நாளைக்கு 6, 7 கிலோ வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூரா மேயட்டும். கொள்ளை ஒரே நாளில் நிறுத்தாதீங்க, 10 நாளில் படிப்படியாகக் குறைங்க, இல்லையென்றால் வயிற்று வலி வரும், குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு தடவை காட்டிவிடுங்க. பல், காது, வயிறு எல்லாம் பார்க்கட்டும். சுவரில் இடித்த காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி கட்டாயம்.

மாத்தூர்_லாயம்:
புல் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஒரு சந்தேகம், லாரி வருகிறது என்று தெரிந்ததும் நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். அது தப்பா?

தளர்கயிறு:
அதுதான் பாதிப் பிரச்சினை ப்ரோ. நீங்க மூச்சைப் பிடித்துக் கயிற்றை இறுக்கினால் ஆபத்து வருகிறது என்று அதுக்கு அறிவிக்கிற ஆளே நீங்கதான். ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போனால் சத்தம் கேட்டும் புல்லை மெல்லுகிறதோ அங்கே ஆரம்பிங்க. காது திரும்பும், தலை தூக்கும், சும்மா நில்லுங்க. தலையை இறக்கி உதட்டை நக்கினதும் கயிற்றைத் தளர்த்துங்க, அந்த நொடியே, ரெண்டு நொடி கழித்து இல்லை. பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். மறுநாள் நாலடி கிட்டே.

'புஸ்ஸ்' சத்தத்துக்கு, செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் வாங்குங்க. தூரத்தில் வேறு பக்கம் பார்த்து அடிங்க. குதிரை நகரும்போது அடிப்பதை நிறுத்தினால், நகர்ந்தால் சத்தம் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். அது அசையாமல் நின்ற பிறகுதான் நிறுத்தணும்.

நேர் முன்னால் நிற்காதீங்க, நெற்றிக்கு எதிரே கொஞ்ச தூரம் அதுக்குக் கண் தெரியாது. இடது தோள் பக்கம் நின்று, அதைப் பார்க்காமல் போகிற திசையைப் பார்த்து நடங்க. கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, கையுறை போடுங்க. நிற்பதை மூணு நொடியில் தொடங்கி பத்து, முப்பது என்று ஏற்றுங்க, அப்புறம் யாரையாவது அட்டையும் பேனாவுமாகச் சுற்றி நடக்கச் சொல்லுங்க. தை மாசம் சந்தேகம்தான். தீபாவளிக்குப் பயிற்சியே வேண்டாம், ஒரு வாரம் முன்னாலிருந்தே ரேடியோ பாடட்டும், அன்றைக்கு உள்ளே கட்டாமல் விட்டுப் புல்லைக் குவித்து, தாழ்ப்பாளை ரெண்டு தடவை பாருங்க.

வடசென்னை_சவாரி:
காதில் பஞ்சு வைத்தால் முடிந்தது, எதுக்கு இவ்வளவு?

தளர்கயிறு:
தீபாவளி ராத்திரிக்கு வைக்கலாம், அதுவும் காதைத் தொடவிட்டால். மார்வாரி ஷோவில் நடுவர் முதலில் பார்ப்பதே காதைத்தான் சார்.

மாத்தூர்_லாயம்:
நாலு நாளாக ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். கொசு பிடுங்கி எடுக்கிறது. நேற்று பின்னாலிருந்து வந்து சட்டைக் காலரை மென்று ஈரமாக்கிவிட்டது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன், அப்போது ஒரு லாரி போனது, காலரை விடவில்லை. தை மாசம் பெயர் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடு பார்க்கப் போகிறேன், கிடாவா பெட்டையா, எது தொல்லை கம்மி?